அரிசி வண்டு முழுதும் தெளிய: ஐரிஸை மூடுவதா, படங்களை அடுக்குவதா?

இரு கண்ணுக்கும் தனித்தனி ஒளிப்பாதை கொண்ட ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் அரிசி வண்டைப் பார்க்கும்போது, மூக்கு நுனி முதல் முதுகிலுள்ள நான்கு செம்புள்ளிகள் வரை எல்லாமே தெளிவாக இருப்பதாகத் தோன்றும். கை ஃபோகஸைத் திருப்பத் திருப்ப, மனம் காட்சிகளைச் சேர்த்துக்கொள்கிறது. கேமராவுக்கோ ஒரே தளம்தான் கிடைக்கிறது: மூக்கு தெளிந்தால் முதுகு மங்குகிறது.

ஐரிஸை, அதாவது ஒளி நுழையும் துளையைச் சுருக்கும் திரையை, மூடுவது எளிய வழி. லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை ஏற்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணான நியூமெரிக்கல் அபெர்ச்சர் 0.1 எனில், பச்சை ஒளியில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 55 மைக்ரான். பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 3.4 மைக்ரான். ஐரிஸை மூடி அபெர்ச்சரை 0.05 ஆகக் குறைத்தால் ஆழம் நான்கு மடங்காகி 220 மைக்ரானை எட்டும். ஆனால் அந்த இடைவெளி 6.7 மைக்ரானாக விரிவதால் சிறகு மூடியின் நுண்குழிகள் மழுங்கும், வெளிச்சமும் கால் பங்காகிவிடும். 0.5 மடங்குத் துணை லென்ஸைப் பொருத்துவதும் அபெர்ச்சரைப் பாதியாக்குவதால் இதே விதிக்குக் கட்டுப்பட்டதே. லைக்கா நிறுவன மைக்ராஸ்கோப்புகளில் உள்ள ஃப்யூஷன்ஆப்டிக்ஸ் அமைப்பு ஒரு கண்ணுக்கு நுண்மையையும் மறு கண்ணுக்கு ஆழத்தையும் தருகிறது. ஆனால் அவ்விரண்டையும் இணைப்பது மூளை என்பதால், ஒரே பாதையிலிருந்து படம் பெறும் கேமராவுக்கு அந்த நன்மை கிட்டாது.

ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல படங்களின் தெளிந்த பகுதிகளை ஒன்றாக்கும் அடுக்கும் முறையில் நுண்மையை இழக்க வேண்டியதில்லை. ஐரிஸைத் திறந்தே வைத்து, 40 மைக்ரானுக்கு ஒன்றாக 1 மி.மீ. ஆழத்துக்கு 26 படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் அல்லது ஸெரீன் ஸ்டேக்கர் மென்பொருளில் இணைக்கலாம். ஸ்டீரியோ கருவிக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே உண்டு: கேமராவுக்குச் செல்லும் ஒளிப்பாதை சாய்ந்திருப்பதால், ஃபோகஸ் இறங்க இறங்க வண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். மென்பொருள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிடும் என்றாலும், ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டே எடுக்க வேண்டும். ஃபோகஸ் குமிழையும் ஒரே திசையில் மட்டும் திருப்ப வேண்டும். பின்னோக்கித் திருப்பினால் பல்சக்கரத்தின் தளர்வு படிகளைக் குலைத்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடும் மயிர்களைச் சுற்றி ஒளிவட்டம் படிவதை முழுவதும் தவிர்க்க இயலாது. அவ்விடங்களை மூலப்படத்திலிருந்து கையால்தான் திருத்த வேண்டும்.

உலர்ந்த மாதிரிக்கு நான் தயங்காமல் அடுக்கும் முறையையே பரிந்துரைப்பேன். வண்டைச் சுற்றி டிரேசிங் தாளைக் குழாயாகச் சுருட்டி வைத்தால், பளபளப்பான முதுகில் விளக்கின் வெண்புள்ளிகள் விழாது. நெளியும் கொசுப்புழுவுக்கு அம்முறை உதவாது. இரண்டு படங்களுக்கு இடையிலேயே அது இடம் மாறிவிடும் என்பதால், ஐரிஸைப் பாதி மூடி, ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டி, ஒரே படத்தில் எடுப்பதே வழி.