ஆவுளியாவா, மனாட்டியா: கண்காட்சி மாதிரிக்கு எது பொருந்தும்?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஆவுளியா என்னும் கடற்பசுவைச் செய்வதா, அதன் உறவான மனாட்டியைச் செய்வதா என்று, காரைக்குடியில் எங்கள் வளவில் களிமண்ணோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இருவர் இரண்டு நாளாக வாதாடுகிறார்கள்.

வால்: ஆவுளியாவுக்குத் திமிங்கிலத்தைப் போலக் கவட்டை வால், மனாட்டிக்குத் தோசைத் திருப்பி போன்ற வட்ட வால். ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்தபோது கவட்டை வால் இருமுறை உடைந்தது.

வாழிடம்: ஆவுளியா கடலை விட்டு வராது, மனாட்டி ஆற்றிலும் வாழும், அமேசான் இனமோ நன்னீரை விட்டு நீங்காது.

உணவில்தான் ஆவுளியா தனித்து நிற்கிறது. கீழ்நோக்கி வளைந்த மூஞ்சியால் கடற்புல்லை வேரோடு பறித்துத் தின்றுகொண்டே நகர்வதால், கடலடி மணலில் உழவுச்சால் போன்ற நீண்ட தடம் விழுகிறது. மனாட்டி மிதக்கும் செடிகளையும் மேயும். அதற்குத் தேய்ந்த கடைவாய்ப் பற்கள் முன்புறமாக நகர்ந்து விழ, பின்னால் புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும்.

பாதுகாப்பு நிலை: ஆவுளியாவும், மூன்று மனாட்டி இனங்களும் உலக அளவில் அழிவாய்ப்புள்ளவையே. ஆவுளியா பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்றை ஈனுவதால், வலையில் சிக்கி இறக்கும் ஒவ்வொன்றும் பேரிழப்பு. 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில், நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடற்பகுதியில், 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

ஒரே மாலையில் மாதிரியை முடிக்க வேண்டுமானால் மனாட்டி போதும். "இது நம் கடலில் உண்டா?" என்று கேட்கும் பார்வையாளருக்கு ஆவுளியாவே பொருத்தம், வாலுக்குள் ஒரு கம்பியைச் செருகிக்கொள்ளட்டும்.