கல்யாணக் கேசட்டுகளும் ஒரு கேப்சர் டாங்கிளும்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீட்டு மரப்பீரோவின் அடித்தட்டில் கிடந்த வி.எச்.எஸ். கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 37 கேசட்டுகள் முடிந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை 1988க்கும் 2001க்கும் இடையில் தூத்துக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் எடுக்கப்பட்ட கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா வீடியோக்கள். பழைய கேசட்டை ஓடவைப்பதுதான் பெரும்பாடாக இருக்கும், கணினியில் பதிவது எளிதாக முடிந்துவிடும் என்று எண்ணித்தான் இறங்கினேன். நடந்தது நேர்மாறு. உறவினர் வீட்டிலிருந்து வாங்கிவந்த பழைய டெக், அதாவது கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர்., முதல் நாளே ஓடிவிட்டது. டெக்கையும் கணினியையும் இணைக்கும் சிறு கருவியான கேப்சர் டாங்கிளுக்கான மென்பொருளை நிறுவி, படமும் ஒலியும் ஒழுங்காக வரச் செய்வதற்கு ஏழு வாரங்கள் பிடித்தன.

டாங்கிள் தீப்பெட்டியைவிடச் சற்று நீளமானது. ஒரு முனையில் யு.எஸ்.பி., மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத் துளைகள், கூடவே எஸ்-வீடியோவுக்கான வட்டத் துளை. பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கும் 8 செ.மீ. சிடி ஒன்றும் இருந்தது. என் லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாததால், டாங்கிளின் மேலே அச்சிட்டிருந்த பெயரை இணையத்தில் தேடி, கிடைத்த டிரைவரை, அதாவது கணினி அந்தக் கருவியோடு பேச உதவும் மென்பொருளை, இறக்கி நிறுவினேன். 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்ற செய்தி வந்தது. இணைத்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், சிக்கலைக் குறிக்கும் மஞ்சள் முக்கோணம் அப்படியே இருந்தது. இன்னொரு தளத்திலிருந்து இன்னொன்று, பிறகு மூன்றாவது. மூன்றும் வெற்றிகரமாகவே நிறுவப்பட்டன, முக்கோணமும் நகரவில்லை. மூன்றாவதோடு கூடவே வந்த, கேட்காமலே கணினியைச் 'சுத்தம்' செய்யும் நிரலை அகற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இந்தக் குழப்பத்தின் வேர் எனக்குப் பிடிபட நாளாயிற்று. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உறைக்குள் வெவ்வேறு சிப்புகளை வைத்து விற்கிறார்கள். எஸ்.டி.கே.1160, ஈ.எம்.2860, யு.டி.வி.007 என்று குறைந்தது மூன்று வகைகளை நானே பார்த்துவிட்டேன். உறைமேல் உள்ள பெயர் விற்பவர் வைத்தது. விண்டோஸ் அதைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது சிப் தன்னைப்பற்றிச் சொல்லும் ஹார்ட்வேர் ஐடியை மட்டும்தான். செட்டப் நிரல் கோப்புகளைக் கணினியில் நகலெடுத்துவிட்டு 'வெற்றி' என்று சொல்லிவிடும். அந்தக் கோப்புகளில் உள்ள ஐடியும் டாங்கிளின் ஐடியும் பொருந்தாதவரை டிவைஸ் மேனேஜர் 28ஆம் எண் பிழையை, அதாவது டிரைவரே இல்லை என்பதைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே டாங்கிள் வாங்கியவர்கள் சிடியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. டாங்கிளைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் அதன் பெயர்மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் என்று போய், கீழிறங்கும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், நான்கு இலக்கங்களாக இரண்டு எண்கள் தெரியும். முதலாவது உற்பத்தியாளருக்குரியது, இரண்டாவது பொருளுக்குரியது. என்னுடையதில் இரண்டாவது எண் 0408 என்றிருந்தது; எஸ்.டி.கே.1160 சிப்புக்குரிய எண் அது. யு.டி.வி.007 என்றால் 3002 என்று இருக்கும். இந்த எண்களைக் கொண்டு தேடியபோதுதான் உருப்படியான விடைகள் கிடைத்தன. முன்பு நிறுவிய தவறான டிரைவர்களையும் களைய வேண்டியிருந்தது. கண்ட்ரோல் பேனலில் நிரலை நீக்கினால் மட்டும் அவை போவதில்லை. டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கும்படி டிக் போட வேண்டும்.

சரியான சிப் தெரிந்த பிறகும் கதை முடியவில்லை. நண்பர் ஒருவரின் கணினியில் சிடியை நகலெடுத்து வந்து நிறுவினேன். இம்முறை, 'குறிப்பிட்ட கேட்டலாக் கோப்பில் இந்தக் கோப்பின் ஹேஷ் இல்லை' என்ற பொருள்படும் செய்தியோடு விண்டோஸ் மறுத்துவிட்டது. இந்த வாசகம் பலரை மிரட்டிவிடுகிறது; பொருள் எளியது. டிரைவரோடு வரும் ஐ.என்.எஃப். கோப்பு வெறும் உரைக்கோப்பு. விற்பவர் அதைத் திறந்து சாதனத்தின் பெயரைத் தன் பெயராக மாற்றிவிட்டால், ஓர் எழுத்து மாறினாலும், தயாரித்தவர் டிஜிட்டல் கையொப்பமிட்டபோது கணக்கிட்டுக் கேட்டலாக்கில் பதிந்த ஹேஷோடு, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணோடு, அது ஒத்துப்போகாது. முத்திரை வைத்த உறையைப் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டியதுபோல ஆகிவிடும். விஸ்டா காலத்திலிருந்தே 64-பிட் விண்டோஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலில் ஓடும் டிரைவர்களைக் கையொப்பம் இல்லாமல் ஏற்பதில்லை. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு இதை இன்னும் இறுக்கியது.

இதற்கு எங்கும் சொல்லப்படும் வைத்தியம், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் 7ஆம் எண்ணை அழுத்திக் கையொப்பச் சோதனையை நிறுத்திவைப்பது. நானும் செய்தேன். படம் வந்தது, மகிழ்ந்தேன், கணினியை அணைத்தேன். மறுநாள் காலை 52ஆம் எண் பிழை, அதாவது கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்பது. அந்தச் சலுகை ஒரு முறை திறப்புக்கு மட்டுமே உரியது. அதை நிரந்தரமாக்கும் வழிகளும் இருக்கின்றன. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை, பிறருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கடைசியில், அதே ஹார்ட்வேர் ஐடிக்குரிய, யாரும் கைவைக்காத மூல டிரைவர் தொகுப்பு கிடைத்தது. ஐந்தே நிமிடத்தில் உள்ளே போயிற்று.

டிரைவர் நிலைபெற்ற பிறகு வந்த சிக்கல்கள் எல்லாம் நிறுவல் பிழைபோல வேடமிட்டு வந்தவை. முதலில் படம் கறுப்பு வெள்ளையில், மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. டிரைவரை மறுபடி பிடுங்கி மறுபடி நிறுவி இரண்டு மாலைகளை வீணாக்கினேன். உண்மையில், டாங்கிள் இயல்பாகவே என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க வீடியோ முறைக்கு அமைந்திருந்தது. நம் ஊர்க் கேசட்டுகள் பால் (PAL) என்ற முறையில், 625 வரிகளும் நொடிக்கு 25 ஃபிரேம்களுமாக, அதாவது தனிப்படங்களுமாகப் பதிவானவை. கேப்சர் நிரலில் வீடியோ சோர்ஸின் அமைப்புப் பெட்டியைத் திறந்து பால்-பி என்று மாற்றியதும் நிறம் வந்தது, உருளலும் நின்றது. படத்தின் அளவையும் 720க்கு 576 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஒரு பெரியம்மா அனுப்பிய கேசட் ஒன்று மட்டும் என்.டி.எஸ்.சி.; அதை எங்கள் டெக் ஓட்டவே மறுத்ததால் இன்னும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது ஒலி. படம் அழகாக ஓட, நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசிக்க, ஒரு சத்தமும் இல்லை. ஒலிக்கான டிரைவர் தனியாக உண்டோ என்று தேடி அலைந்தேன். டாங்கிளின் ஒலி உள்ளீட்டை விண்டோஸ் ஒரு மைக்ரோஃபோனாகவே கருதுகிறது. பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோனைப் பயன்படுத்த டெஸ்க்டாப் நிரல்களுக்கு அனுமதி தரவில்லை என்றால், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் வெறும் மௌனம்தான் பதிவாகும். என்றோ ஒருநாள் நானே அதை அணைத்து வைத்திருந்தேன். கேமராவுக்கான அனுமதிக்கும் இதே கதைதான். அது மூடியிருந்தால் டாங்கிளையே காணவில்லை என்று நிரல் சொல்லும்.

நீலத்திரையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவின் நடுவே திரை முழுக்க நீலமாக மாறினால் மென்பொருளைக் குற்றம் சொல்லாதீர்கள். டேப்பிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானால் பெரும்பாலான டெக்குகள் தாமாகவே நீலத்தைக் காட்டும். டெக்கை நேராக டிவியில் இணைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். கணினியைத் திறப்பதற்கு முன்பே அதைச் செய்யாமல் போனேன் என்பதுதான் என் பெரிய வருத்தம்.

பதிவதற்கு சிடியில் வந்த நிரலை நான் வைத்துக்கொள்ளவில்லை. அது கேசட்டை நேரடியாக எம்பெக்-2ஆகச் சுருக்கியது. கூட்டம் அசையும் இடங்களில் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. விர்ச்சுவல்டப்2 என்ற இலவச நிரலுக்கு மாறினேன். அதில் ஹஃப்ஒய்யுவி என்ற, தரம் இழக்காமல் படத்தைச் சுருக்கும் கோடெக்கை நிறுவியும் அது பட்டியலில் தென்படவில்லை; நான் நிறுவியது 32-பிட் கோடெக், ஓடிக்கொண்டிருந்தது 64-பிட் நிரல். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதை எந்தச் செய்தியும் சொல்லவில்லை. இந்த முறையில் ஒரு மணி நேரக் கேசட் 30 ஜிபிக்கு மேல் இடம் கேட்கிறது. பின்னர் எச்.264ஆகச் சுருக்கும்போது 3 ஜிபி அளவுக்கு வந்துவிடும் என்பதால் அது பொருட்டில்லை.

முதல் நீண்ட பதிவு என் சித்தப்பாவின் கல்யாணம், 1993. முடித்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். முகூர்த்த நேரத்தில் ஒரு பெரியவர் கூட்டத்துக்கு மேலே கையை உயர்த்தி, சுட்டுவிரலை வேகமாக ஆட்டி, மேளக்காரர்களுக்குச் சைகை காட்டுகிறார். வழக்கமாக அந்த விரல் ஆடிய கணமே கெட்டிமேளம் அதிர வேண்டும். விரல் ஆடியது, தாலியின் முதல் முடிச்சு விழுந்தது, அட்சதை பறந்தது, அதற்குப் பிறகுதான் மேளம் வந்தது. "என்னடே, தாலி கட்டி முடிஞ்ச பொறவுல்லா மேளம் கேக்கு" என்றார் சித்தப்பா.

இரண்டு நொடிப் பிசகு, அதாவது 50 ஃபிரேம்கள் வழியில் தவறியிருக்கின்றன. படத்தில் ஃபிரேம்கள் விழுந்துவிட்டால் படம் ஒலியைவிட முன்னே ஓடிவிடும். தொடக்கத்தில் தெரியாது, இரண்டாம் மணி நேரத்தில்தான் வெளிப்படும். டாங்கிளையும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே யு.எஸ்.பி. ஹப்பில் செருகியிருந்தேன். சுருக்காத பால் படம் நொடிக்கு 20 எம்பிக்கு மேல் வரும். அந்த நெரிசலில் ஹார்ட் டிஸ்க்கும் புகுந்தால் தாங்காது. டாங்கிளை லேப்டாப்பின் தனித் துளையில் நேராகச் செருகி, உள்டிஸ்க்கிலேயே பதிந்து, அந்த ஃபோல்டரை வைரஸ் சோதனையிலிருந்து விலக்கிய பிறகு, மூன்று மணி நேர இ-180 கேசட்டிலும் தவறிய ஃபிரேம்கள் ஒற்றை இலக்கத்தில் நிற்கின்றன. சித்தப்பா கல்யாணத்தை முழுவதுமாக மறுபடி பதிந்தேன்.

அதன்பின் ஓராண்டு எந்தத் தொல்லையும் இல்லை. விண்டோஸ் 11க்கு மாறிய வாரத்தில் டாங்கிள் மறுபடி மஞ்சள் முக்கோணத்துக்குத் திரும்பியது. இம்முறை காரணம் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு. பழைய டிரைவர்கள் பல அதன் விதிகளுக்குப் பொருந்துவதில்லை. அதை அணைத்தால் டாங்கிள் ஓடுகிறது. அணைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மறுபடி இயக்கிவிட்டேன். ஒரு டாங்கிளுக்காகக் கணினியின் கதவைத் திறந்துபோடுவது சரியாகப் படவில்லை.

டிரைவரே வேண்டாத, வெப்கேம்போலத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் யு.வி.சி. வகை டாங்கிள் ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். செருகியதும் படம் வந்தது. நிறுவல் தலைவலியைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு அதுவே போதும். ஆனால் என்னுடையதில் பிரகாசத்தையும் நிறத்தையும் மாற்ற வழியில்லை, வெள்ளை வேட்டிகள் எல்லாம் வெளுத்து மடிப்புத் தெரியாமல் போயின. நல்ல நிலையில் உள்ள கேசட்டுகளுக்கு ஓகே, மங்கியவற்றுக்கு வேண்டாம் என்பது என் மதிப்பீடு.

இப்போது நிலைத்திருக்கும் ஏற்பாடு வேறு. பரணில் கிடந்த பத்தாண்டுப் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். எஸ்.டி.கே.1160 சிப்புக்கான டிரைவர் 2012இல் வந்த 3.7 பதிப்பு முதல் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சிடியும் கையொப்பமும் மறுதொடக்கமும் இல்லாமல், செருகியவுடன் ஓ.பி.எஸ். என்ற பதிவு நிரலில் டாங்கிளின் பெயர் தெரிந்தது. பால் என்று மாற்றி, ஒலியைத் தேர்ந்து, பதியத் தொடங்க எட்டு நிமிடங்கள் ஆயின. ஏழு வாரங்களை நினைத்துச் சிறிது கசப்பாகத்தான் இருந்தது. கடைசிப் பதினான்கு கேசட்டுகள் அந்த லேப்டாப்பில் ஏறியவை.

இன்னும் நான்கு கேசட்டுகள் பாக்கி. ஒன்று அமெரிக்கக் கேசட். இரண்டில், கேசட்டின் சன்னல் வழியே பார்த்தால், டேப் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருப்பது தெரிகிறது. டெக்கின் ஹெட் கெட்டுவிடும் என்பதால் சுத்தம் செய்யாமல் போடுவதாக இல்லை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்திய பிறகு, இருக்கிற டெக்கைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி. நான்காவது என் அக்காவின் கல்யாணம். வரும் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப்பின் மூடியில் 'அப்டேட் செய்யக் கூடாது, நெட் போடக் கூடாது' என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.