இனேக்குப் போகும் பஸ்: கை காட்டினால் நிற்காது

யப்பானில் இனே என்ற மீன்பிடி ஊருக்குப் போக ஆசையா? கியோட்டோவிலிருந்து அமனோஹஷிடாத்தே வரை ரெயின், அங்கிருந்து ஊர் பஸ். இதுதான் என் தீர்ப்பு. மற்ற வழியில் ஒருதரம் போய் நொந்த பிறகு சொல்கிறேன்.

நான் முல்லைத்தீவு. அப்பா கரைவலைக்காரர், பாதி நாள் வாடியில்தான் வளர்ந்தேன். ஒசாகாவில் வேலை செய்கிற தம்பி, வீட்டின் கீழ்த்தட்டில் வள்ளம் விட்டுவிட்டு மேலே படுத்துறங்கக் கட்டின வீடுகளின் படத்தை அனுப்பினான். அதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. விசா எடுத்த கதை வேறு, அதை விடுங்கள்.

முதல்தரம் ஒருநாள் சுற்றுலா பஸ். விடிய ஏற்றி, மூன்று இடம் காட்டி, இரவு இறக்கிவிடுவார்கள். இனேயில் தந்தது ஒரு மணித்தியாலம். அதில் குடாவைச் சுற்றும் படகுக்கே 25 நிமிடம் போய்விட்டது, மிச்ச நேரம் கழிவறை வரிசையில். ஒரு நட்சத்திரம், அதுவும் சாரதி நல்ல மனிசன் என்பதால்.

அடுத்த கிழமை தனியாகப் போனேன். கியோட்டோவிலிருந்து ஹஷிடாத்தே என்ற கடுகதி ரெயின், இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. நாளுக்குச் சில தடவைதான் நேரே போகும், பார்த்து ஏறுங்கள். ஒரு பொறியும் இருக்கிறது. ஜே.ஆர். கம்பனி ரெயின்களில் நாடு முழுக்கப் போக வெளிநாட்டவருக்கு விற்கிற ஏழு நாள் ஜே.ஆர். பாஸ், 2023 ஒக்டோபரில் 50,000 யென்னாக ஏறிய அதே பாஸ், வழியில் இருக்கிற ஃபுகுச்சியாமா வரைதான் செல்லும். அதற்கப்பால் தண்டவாளம் வேறு கம்பனியுடையது, தனிக் காசு. "இது இருந்தால் எங்கேயும் போகலாம் அண்ணை" என்று விற்ற முகவர் அதைச் சொல்லவில்லை, ரெயினுக்குள் பரிசோதகர்தான் சொன்னார். கியோட்டோ, ஒசாகா சுற்றுவட்டாரத்துக்கான கன்சாய் வைட் ஏரியா பாஸ் என்றால் அந்தத் துண்டும் சேர்ந்தே வரும், விலையும் குறைவு.

பஸ் எனக்கு நல்லாகப் பிடித்தது. பின்கதவால் ஏறி ஒரு இலக்கச் சீட்டை இழுக்க வேண்டும், முன்னுக்கு இருக்கிற பலகையில் அந்த இலக்கத்துக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே போகும், இறங்கும்போது சாரதிக்குப் பக்கத்துப் பெட்டியில் சரிக்குச் சரி போட வேண்டும், சில்லறை இல்லாவிட்டால் அதிலேயே 1,000 யென் தாளை மாற்றலாம். கொண்டக்டர் இல்லை. "ஏறு ஏறு, உள்ளுக்குப் போ" இல்லை. பரந்தன் சந்தியில் ஏறி முல்லைத்தீவு வரும்வரை பாட்டுக் கேட்டே பழகின எனக்கு அந்த அமைதி கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒரு மணித்தியாலம் ஓடும், வலப்பக்கம் இருங்கள், தண்ணீர் அந்தப் பக்கம்தான்.

வாடகைக் காரும் ஓடலாம். எங்களைப் போல இடப்பக்க ஓட்டம், சர்வதேச அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் ஊருக்குள் வீடுகளுக்கு நடுவே போகிற தெரு ஒடுக்கம், வேண்டாம்.

ஊரைப் பற்றி ஒரு சொல். குடாவைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீற்றருக்கு 230 அளவில் அந்த வள்ள வீடுகள். குடாவின் வாயில் அஓஷிமா என்ற தீவு அலையை மறிக்கிறது, அந்தக் கடலில் வற்றுப்பெருக்கும் சொற்பம், அதனால்தான் தண்ணீர் விளிம்பிலேயே கட்ட முடிந்திருக்கிறது. எங்கள் கரையில் கட்டினால் மாரிக்கு முதலே கடல் கேட்டு வாங்கிவிடும். படத்தைப் பார்த்த அம்மா, 2004 மார்கழியைக் கண்டவ, "இதுக்குள்ள எப்பிடியடா நித்திரை வருது?" என்று மட்டும் கேட்டா.

அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவரின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். எங்கள் அப்பாவின் முடிச்சேதான். நிறுத்தத்துக்கு ஓடிவர இரண்டு நிமிடம் பிந்தி, பஸ் வெளிக்கிட்டுவிட்டது. ஊர்ப் பழக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு ஓடினேன். நிற்கவில்லை. பிழை என்னுடையதுதான், ஆனாலும் அரை நட்சத்திரம் வெட்டுகிறேன்: நாலரை. அடுத்த பஸ் வரும்வரை குளிரில் நின்றேன். திரும்புகிற பஸ் நேரத்தை இறங்கியவுடனேயே நிறுத்தப் பலகையில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.