உப்பைக் குறைக்க வழி தேடுவது யார்: கன்சல்டன்சியா, ஆராய்ச்சி நிறுவனமா, நாமேயா?

தோலில் குரோம் ஏற்றுவதற்கு முன் அதை அமிலமும் உப்பும் கலந்த தண்ணீரில் போடும் கட்டத்துக்குப் பிக்கிள் என்று பெயர். அந்தப் பிக்கிள் உப்பைக் குறைக்கும் தொழில்நுட்பம் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று எங்கள் ஷாப்பில் முடிவானதும் அடுத்த கேள்வி வந்தது: தேடுவது யார்? ராணிப்பேட்டையில் பச்சைத் தோலிலிருந்து ஃபினிஷ் வரை ஓடும் நடுத்தரத் தோல் பதனிடும் ஷாப்பு எங்களுடையது. நான் அங்கே டெக்னீஷியன். மூன்று வழி இருந்தது. கன்சல்டன்சியிடம் மொத்தமாக ஒப்படைக்கலாம். அடையாறு சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்), காட்பாடி வி.ஐ.டி. பல்கலைக்கழகம் போன்ற ஓர் ஆராய்ச்சி இடத்தோடு சேர்ந்து செய்யலாம். இல்லையென்றால் நாமே உட்கார்ந்து தேடலாம். நாங்கள் மூன்றாவதை எடுத்தோம், சோதனைக் கட்டத்துக்கு மட்டும் இரண்டாவதைத் துணைக்கு வைத்துக்கொண்டோம். ஆகவே இதை நடுநிலை அலசல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான்காவதாக ஒரு வழி உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எங்கே போனாலும் அதுதான் வழக்கம்: கெமிக்கல் கம்பெனி ஆள் வந்து டெமோ போட்டுக் காட்டுவார். செலவில்லை, ஆளும் கெட்டிக்காரர். ஆனால் அவருடைய கேட்டலாக்குக்கு வெளியே உலகம் இருப்பதாக அவர் சொல்ல மாட்டார்.

உப்பு ஏன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் ஷாப்பு நடத்த முடியாது என்றாயிற்று. பிறகு சொட்டுத் தண்ணீர் வெளியே விடக் கூடாது என்ற நிலையும் வந்தது. தோலைப் பதனிடும் ரசாயனமான குரோமையாவது மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படிய வைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தலாம். உப்பு அப்படி இல்லை. ஆர்.ஓ. சவ்வு வடிகட்டியில் தேங்கி, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் வந்து உட்கார்ந்து, வாங்க ஆளில்லாத கலப்பு உப்பாக மூட்டையில் ஏறுகிறது. வாங்கும்போது ஒரு காசு, தண்ணீரிலிருந்து பிரிக்கும்போது அதைவிடப் பெரிய காசு.

எல்லை போடுவது

எதைத் தேடுகிறோம், எதைத் தேடவில்லை என்று எழுதுவதுதான் முதல் வேலை. மூன்று வழியும் இங்கேயே பிரிந்துவிடும். கன்சல்டன்சி ஒரு கேள்வித்தாள் அனுப்பும். நாம் நிரப்பிக் கொடுப்போம். அது "நிலைத்த பதனிடும் முறைகள், உலக அளவில்" என்ற தலைப்போடு திரும்பி வரும். அந்தத் தலைப்பில் நொதி வைத்து முடி நீக்குவதும் வரும், மீன் தோலும் வரும். ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே ஏற்கெனவே எந்த வேலை ஓடுகிறதோ அதன் பக்கம் நம் கேள்வி மெல்லச் சாயும். அவர்கள் மேல் குறை இல்லை; கையில் இருப்பதைத்தானே எவரும் முதலில் எடுத்துக் காட்டுவார்.

நாமே எல்லை போடுவதில் ஒரு வசதி, அளந்துவிட்டுப் போடலாம். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கவே அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். அது ஊறல் தண்ணீரில், அதாவது தோலை முதலில் ஊறவைக்கும் தண்ணீரில், இறங்குகிறது. பிக்கிளில் நாம் போடுவது தோல் எடையில் 8 முதல் 10 சதவீதம், அமிலத்தில் தோல் வீங்காமல் இருக்க. அப்படியானால் பெரிய உப்பு ஊறலில்தானே இருக்கிறது, பிக்கிளை ஏன் தேட வேண்டும் என்று பங்குதாரர் பாய் கேட்டார். நியாயமான கேள்வி. ஊறல் தண்ணீரைத் தனியாகப் பிரித்து சோலார் பாத்தியில் காய வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அது சிக்கல். அதோடு அந்த உப்பு பச்சைத் தோல் விற்கும் மண்டியிலேயே ஏறிவிடுகிறது, நம் கையில் இல்லை. பிக்கிள் நம் டிரம்முக்குள், தோலைப் போட்டுச் சுழற்றும் பீப்பாய்க்குள், நடப்பது. எனவே எல்லை இப்படி நின்றது: பிக்கிளும் குரோமும் சேர்ந்த கட்டத்தில் வெளியேறும் உப்பு பாதியாக வேண்டும், இருக்கிற டிரம்மை மாற்றக் கூடாது, பாயில் டெஸ்டில், அதாவது கொதிநீரில் போட்டுப் பார்க்கும்போது, தோல் சுருங்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனை சின்னதாகத் தெரியும். ஆனால் குரோம் இல்லாமல் பதனிடும் வெட் ஒயிட் மொத்தமும் அதில் அடிபட்டுப் போகிறது. குரோம் தோல் 100 டிகிரியைத் தாண்டித் தாங்கும், குளூட்டரால்டிஹைடில் பதனிட்டது அதற்கு வெகு முன்னாலேயே சுருங்கிவிடும். ஷூவின் மேல்பாகத் தோல் (அப்பர்) கொடுக்கும் எங்களுக்கு அது ஆகாது. இந்த ஒரு வரியை வெளியாள் எழுத மாட்டார். எங்கள் ஆர்டர் புத்தகம் அவர் கையில் இல்லை.

தேடுவது

கன்சல்டன்சிக்கு இங்கே உண்மையாகவே கை மேலே. காசு கட்டும் தரவுத்தளங்கள் அவர்களிடம் இருக்கின்றன. அதைவிடப் பெரிது, நம் பெயர் சொல்லாமல் பத்து இடத்தில் விசாரிக்க அவர்களால் முடியும். நான் ஒரு கம்பெனிக்கு போன் போட்டு "பிக்கிள் இல்லாத முறை ஏதாவது இருக்கா சார்" என்று கேட்டால், சாயங்காலத்துக்குள் சிப்காட் முழுக்கத் தெரிந்துவிடும். ரகசியம் முக்கியம் என்கிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வெளியே கொடுப்பதில் தப்பில்லை.

ஆனால் காப்புரிமை தேடுவது மந்திர வேலை ஒன்றுமில்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம் எல்லாமே இலவசம். தோலுக்கு ரசாயனச் செயல்முறை என்றால் வகை எண் சி 14 சி, அதில் 3/06 குரோம் பதனீடு. சொல்லை வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் குப்பை வரும். எண்ணை வைத்துத் தேடினால் வேலையாகும். விண்ணப்பம் போட்டு 18 மாதம் கழித்துத்தான் பொதுவாக வெளியாகும் என்பதால் கடைசி ஒன்றரை வருட விஷயம் நம் கண்ணில் படாது. கன்சல்டன்சிக்கும் அதே கதிதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. ஐரோப்பாவில் மட்டும் பதிந்ததை இந்தியாவில் செய்யத் தடையில்லை. ஆனால் அந்த முறையில் செய்த தோலை அங்கேயே ஏற்றுமதி செய்தால் சிக்கலாகலாம், செயல்முறைக் காப்புரிமை அதிலிருந்து நேரடியாக வரும் பொருளையும் அங்கே கட்டுப்படுத்தும். நம் சரக்கில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று யோசித்தால் இது சும்மா சட்டப் பேச்சில்லை. இந்த இடத்தில் வக்கீலுக்குக் காசு கொடுக்கலாம்.

வி.ஐ.டி. மாதிரி இடத்தில் மாணவர்களைத் தேடலுக்கு வைப்பதும் நல்ல யோசனை. வேகமாகப் படிக்கிறார்கள், கூச்சமில்லாமல் கேள்வி கேட்கிறார்கள். ஆனால் செமஸ்டர் முடிந்ததும் போய்விடுவார்கள். அதனால்தான் அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

தள்ளிய காரணம்

மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது கட்டணமோ வேகமோ இல்லை. தேர்ந்தெடுத்தது எது என்பதும் இல்லை, சொல்லப்போனால் மூன்று வழியிலும் கிட்டத்தட்ட அதே நாலைந்து பெயர்தான் மேலே வரும். வித்தியாசம் தள்ளிவிட்டதில் இருக்கிறது. ஏன் தள்ளினோம் என்று யாரிடம் எழுதி இருக்கிறது? அது எவ்வளவு நாள் செல்லும்?

கன்சல்டன்சி அறிக்கையில் முன்னால் சில தொழில்நுட்பங்கள் படத்தோடு, மதிப்பெண்ணோடு இருக்கும். மற்றதெல்லாம் பின்னிணைப்பில் "பொருத்தமில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விடும். அந்தச் சொல்லை எழுதியவரை ஒரு வருடம் கழித்துக் கேட்கலாம் என்றால் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானிக்கு எல்லாம் நினைவிருக்கும், ஆனால் அது அவர் தலையில் இருக்கும். மாணவர் எழுதும் ஆய்வேட்டில் வெற்றி பெற்றது மட்டும் விரிவாக வரும்.

ஆனால் இந்தத் தொழிலில் தள்ளினதுதான் திரும்பி வரும். 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பாவில் தோலில் ஆறு இணைதிறன் குரோம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று விதி வந்தது. நாளைக்குத் தோல் வாங்கும் ஒரு பையர் குழந்தைகள் ஷூவுக்குக் குரோமே வேண்டாம் என்றால் நாங்கள் தூக்கி வைத்த வெட் ஒயிட் அன்றைக்கே கீழே இறங்கும். கெமிக்கல் விலை மாறும். சுத்திகரிப்பு நிலையக் கட்டணம் ஏறும். காப்புரிமை 20 வருடத்தில் முடியும், கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே முடியும். இதில் காலாவதித் தேதியை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவைக்கலாம்.

அதனால் எங்கள் பட்டியலில் பெயர், யாருடையது, என்ன சொல்கிறார்கள், எந்த அளவில் செய்து பார்த்தார்கள் என்ற வழக்கமான கட்டங்களுக்குப் பிறகு இரண்டு கட்டம் கூடுதல்: ஏன் தள்ளினோம், எது மாறினால் திரும்ப எடுப்போம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த வரியை ஏற்றுக்கொள்வதில்லை. "விலை அதிகம்" என்று மட்டும் எழுதினால் போதாது, என்ன விலைக்கு வந்தால் சரி என்று எழுத வேண்டும். இதைச் செய்ய நம் கணக்கு நமக்குத் தெரிய வேண்டும். வெளியாளால் முடியாததற்குக் காரணம் அவருக்கு அறிவில்லை என்பதல்ல, இந்தக் கணக்கு அவரிடம் இல்லை.

எதிர்வாதமும் உண்டு. நம் டெக்னீஷியனும் ஓடிப்போகிறவன்தானே? உண்மை. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், ஆம்பூரிலிருந்து கான்பூர், கொல்கத்தா என்று எங்கள் இனம் நிற்காது. ஆனால் பட்டியல் ஷாப்பில் இருக்கும், அதில் உள்ள எண்ணெல்லாம் அதே டிரம்மின் எண்கள். அடுத்து வருகிறவன் படித்தால் புரியும்.

செய்து பார்ப்பது

"உப்பு மிச்சம்" என்று காகிதத்தில் சொல்வதற்கும் டிரம்மில் ஓடுவதற்கும் உள்ள தூரத்தை அளக்க நாசா ஆரம்பித்து வைத்த டி.ஆர்.எல். (தொழில்நுட்பத் தயார்நிலை) அளவுகோல், 1 முதல் 9 வரை, போதும். சின்ன டிரம்மில் சில கிலோ தோலில் வந்த முடிவை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள், தினசரி உற்பத்தியில் ஓடுவது 9. விற்க வருகிறவரிடம் "எந்த ஊரில், எந்த டிரம்மில் இன்றைக்கு ஓடுகிறது?" என்று கேட்டால் எண் தானாக இறங்கும்.

இங்கேதான் ஆராய்ச்சி நிறுவனம் வேண்டும். 1948-ல் தொடங்கிய சி.எல்.ஆர்.ஐ.க்குச் சொந்தமாக மாதிரித் தொழிற்சாலையே இருக்கிறது. தண்ணீர் சேர்க்காமல் குரோம் பதனிடும் முறையை உருவாக்கியதும் அவர்கள்தான், பிக்கிள் கட்டத்தையே எடுத்துவிடுகிறது. கழிவுநீரில் குளோரைடு, மிஞ்சிய குரோம், தோலின் கிழிபலம் எல்லாவற்றுக்கும் நம்பிக்கையான எண் அங்கே கிடைக்கும். நம் ஷாப்பு லேபில் அதற்கு வாய்ப்பில்லை.

சோதனையை நடத்த வேண்டியது நம் இடத்தில், நம் தண்ணீரில். ஒரே தோலை முதுகெலும்பு வாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பழைய முறையிலும் மறு பாதியைப் புது முறையிலும் போடுவது பழைய வழக்கம். எது எந்தப் பாதி என்று, தோலைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் மேஸ்திரியிடம் சொல்லக் கூடாது. அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பேப்பர்ல உப்பு குறைஞ்சிருக்கலாம் தம்பி, ஆனா இந்த ஓரத்துத் தோல்ல கை வச்சா வயித்துப் பக்கம் தொளதொளங்குது." அந்தக் கைக்கு எந்த மென்பொருளும் இல்லை. அந்த வரி அப்படியே "ஏன் தள்ளினோம்" கட்டத்தில் ஏறியது.

வேலூர் வெயிலையும் சேர்க்க வேண்டும். மார்கழியில் நன்றாக ஓடியது சித்திரையில் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டேங்கில் தண்ணீர் சூடாக இருந்தால் குரோம் உள்ளே போவதற்கு முன் மேல்பக்கமே பிடித்துக்கொள்ளும். இரண்டு பருவத்திலும் பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது என்பதை எங்கள் விதியாகவே வைத்தோம். கன்சல்டன்சிக் காலக்கெடுவில் இதற்கு இடமிருக்காது.

கடைசியில் எங்கள் டிரம்மில் ஓடுவது அதிசயமான ஒன்றில்லை: பிக்கிள் தண்ணீரைச் சரிபார்த்துத் திரும்பப் பயன்படுத்துவது, கூடவே தோல் அதிகம் பிடித்துக்கொள்ளும் வகைக் குரோம். வழக்கமான முறையில் போட்ட குரோமில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறும் என்பதால் அதிலும் மிச்சம் உண்டு. பிக்கிளே இல்லாத முறை பட்டியலில் இருக்கிறது, திரும்ப எடுக்கும் நிபந்தனையோடு.

யாருக்கு எது

நூறு பேருக்கு மேல் ஆராய்ச்சிப் பிரிவே வைத்திருக்கும் குழுமங்களுக்கு என் பேச்சு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், அப்படிப்பட்ட இடத்தில் நான் வேலை பார்த்ததில்லை. இணையத்தில் சவாலாகப் போட்டு உலகம் முழுக்கத் தீர்வு கேட்கும் முறையும் இருக்கிறது. எலி லில்லி மருந்துக் கம்பெனியிலிருந்து 2001-ல் பிறந்த இன்னோசென்டிவ் அப்படித்தான். நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை. எல்லையைச் சரியாக எழுதத் தெரிந்தவர்களுக்கு அது உதவலாம் என்பது என் ஊகம்.

ஜாப் ஒர்க் செய்யும் சின்ன ஷாப்புகளுக்குத் தனித் தேடல் கட்டுப்படியாகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏற்கெனவே சேர்ந்துதானே இருக்கிறோம், அதன் வழியாக ஒரே பட்டியலை வைத்துக்கொள்ளலாம். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ராணிப்பேட்டை ஒரு கலெக்டர், ஆம்பூர் இன்னொரு கலெக்டர் என்று ஆகிவிட்டது. ஆனால் எல்லார் உப்பும் ஒரே பாலாற்றுப் படுகைக்குத்தான் போகிறது.

எங்களுக்கு அடுத்தது ஊறல் உப்பு, அதுதான் பாய் முதலில் கேட்டது. இந்த முறை பெயர் சொல்லாமல் விசாரிக்கும் பகுதியை மட்டும் கன்சல்டன்சிக்குக் கொடுக்கலாம் என்று விலை கேட்டிருக்கிறோம். தள்ளிய ஒவ்வொன்றுக்கும் காரணமும் திரும்ப எடுக்கும் நிபந்தனையும் எழுதித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னோம். ஒருவர் அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்கிறார். பாய் யோசித்துக்கொண்டிருக்கிறார்.