ஹாஸ்டல் மெஸ் கான்ட்ராக்டுக்குப் போனால் என்ன ஆகும்? சேலத்திலிருந்து ஓர் அனுபவம்

சேலத்தில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறேன். எங்கள் மெஸ்ஸைத் தனியார் கேட்டரிங்காரர்களிடம் கொடுத்துச் சில செமஸ்டர்கள் ஆகின்றன. அதற்கு முந்தைய டிவைடிங் சிஸ்டத்திலும் சாப்பிட்டிருக்கிறேன்.

டிவைடிங் தெரியாதவர்களுக்கு: மளிகை, காய்கறி, பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் மாதக் கடைசியில் கூட்டி, எல்லாரும் மெஸ்ஸில் இருந்த நாட்களின் மொத்தத்தால் வகுப்பார்கள். வருவது ஒரு நாள் செலவு. ஊருக்குப் போகிறவர் முன்பே எழுதிக் கொடுத்தால், இல்லாத நாட்களுக்குப் பில்லில் ரிடக்‌ஷன் உண்டு. மெஸ் ரெப் (மாணவர் பிரதிநிதி) மளிகைக்கு லீ பஜாருக்கும் காய்க்கு உழவர் சந்தைக்கும் அலைவார். சில மாதம் பில் எகிறும்; ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேட்டரிங்காரர்கள் வந்ததும் சுத்தம் வந்தது. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, சொன்ன நேரத்துக்கு டிபன். வாசலிலேயே 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை மாட்டியிருக்கிறார்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேரும் கழிவான மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பழைய மெஸ்ஸில் வாணலியைப் பார்த்து அப்படியொரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. சுத்தத்துக்கு முழு மார்க்.

ருசிக்குப் பாதிதான். காலையில் குருமாவாக வரும் கிரேவி மதியம் சன்னாவாகி, இரவில் பன்னீரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊரில் ஜவ்வரிசி வடகம் தட்டிலிருந்து காணாமல் போய், பாக்கெட் அப்பளம் வந்துவிட்டது. சாயங்காலப் பசிக்குத் தட்டுவடை செட் வண்டிதான் கதி. (அதற்கு எந்த மெஸ்ஸும் ஈடில்லை என்பது வேறு விஷயம்.)

ஆனால் என் பிரச்சினை ருசி இல்லை, கணக்கு. இப்போது ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம், அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. கல்லூரியே மெஸ் நடத்தி மாணவருக்குப் போட்டால் வரி கிடையாது; வெளியாளிடம் கொடுத்தால் உண்டு என்று 2018 ஜனவரியிலேயே மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது. பிளஸ் டூ வரையிலான பள்ளிகளுக்கு வெளியாள் சமைத்துப் போட்டாலும் விலக்கு உண்டு, கல்லூரிக்கு இல்லை. ஆக, தட்டில் ஒரு கரண்டி கூடாமலேயே பில் கூடியது.

அதைவிடப் பெரிய விஷயம், சாப்பிடாத தட்டு. டிவைடிங்கில் வீணான சோறு எல்லார் பில்லிலும் ஏறும். அதனால் அளந்து சமைக்கச் சொல்லி நாங்களே சண்டை போடுவோம். இப்போது நான் சாப்பிடாமல் போனால் கான்ட்ராக்டருக்கு லாபம். தர்மபுரி, நாமக்கல் பக்கத்துப் பையன்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார்கள். சனிக்கிழமை ராத்திரி சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். மிச்சம் இருப்பவர்களும் வெளியே பரோட்டா தின்னப் போனால் அவருக்கு இன்னும் நல்லது.

அவரை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. குறைந்த விலை கேட்டவருக்குத்தான் டெண்டர் கிடைத்தது. வெங்காயமும் கேஸும் ஏறினாலும் வருஷம் முழுக்க அதே ரேட். அவர் எங்கே கை வைப்பார்? பருப்பில்தான்.

உங்கள் கல்லூரியும் இந்தப் பக்கம் யோசித்தால், சாம்பிள் சாப்பாட்டில் மயங்காமல் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரிடக்‌ஷன் எத்தனை நாளிலிருந்து, அளவு குறைந்தால் அபராதம் உண்டா, மெஸ் கமிட்டிக்கு ஸ்டோருக்குள் போக அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, தொடர்ந்து மூன்று நாள் லீவு போட்டால் ரிடக்‌ஷன் என்று சேர்த்திருக்கிறார்கள். சனி ஞாயிறு இரண்டே நாள் என்பதால், வாராவாரம் ஊருக்குப் போகிறவர்களுக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனமில்லை.