மஸ்கி மீனுக்கு எட்டு அடி ராடா, ஒன்பது அடி ராடா?

அமெரிக்காவின் விஸ்கான்சின், மினசோட்டா ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிக்க இறங்கும் பலர், ராட் (தூண்டில் கம்பு) வாங்கும்போது கடையில் திகைத்து நிற்பது இங்கேதான்: எட்டு அடி ஹெவியா, ஒன்பது அடி எக்ஸ்ட்ரா ஹெவியா? (ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி என்பது கம்பின் விறைப்பு.)

லூர் (செயற்கை இரை) எடை
எட்டு அடி: 200 கிராம் வரை சுகமாக வீசலாம். அதற்கு மேல் கம்பு திணறும்.
ஒன்பது அடி: பெரிய ரப்பர் லூருக்கு இதுதான். ஆனால் ஒரு பவுண்டு லூர் என்றால் இன்னும் தடித்த கம்பு வேண்டும். கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எடை வரம்பைப் பார்த்து வாங்குங்கள்.

எட்டு போடுவது
என்னைக் கேட்டால் இதை வைத்தே முடிவெடுக்கலாம். மஸ்கி படகு வரை லூரைத் தொடர்ந்து வந்துவிட்டு, கடிக்காமல் அப்படியே நிற்கும். அப்போது கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, ஒரு அடி தூண்டில் நரம்பு மட்டும் விட்டு, லூர் நகர்ந்துகொண்டே இருக்கும்படி 8 என்ற எண் வடிவில் பெரிதாகச் சுழற்ற வேண்டும். நாலடி நீள மீனால் சட்டென்று திரும்ப முடியாது. ஒன்பது அடிக் கம்பில் வளைவு அகலமாகவும் ஆழமாகவும் வரும். எட்டு அடியில் குனிந்து, கையை முழுக்க நீட்டினால்தான் அது கிடைக்கும்.

கை வலி
எட்டு அடி: மாலை வரை தாங்கும்.
ஒன்பது அடி: மதியத்துக்குள் தோள் சொல்லிவிடும்.

கொண்டுபோக
எட்டு அடியே சுலபம். ஒன்பது அடி என்றால் கைப்பிடிக்குள் இறங்கும் மாடலாகப் பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? உயரமான படகு, பெரிய லூர் என்றால் ஒன்பது. சின்னப் படகு, நடுத்தர பக்டெய்ல் (முடிக்குஞ்சம் கட்டிய சுழல் லூர்), முதல் ராட் என்றால் எட்டு.