எக்ஸ்எம்பியா, கையால் அமைப்பதா?

பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருக்கும் டிடிஆர்4 வகை ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்), மாட்டியதும் பெரும்பாலும் 2133-லோ 2400-லோதான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். ரேமில் கோளாறு இல்லை. அந்த வேகத்தை நாம்தான் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் இயக்க வேண்டும்.

சுலபமான வழி எக்ஸ்எம்பி, அதாவது ரேமிலேயே இருக்கும் ஆயத்த அமைப்பு. ரேம் ஸ்டிக்கில் உள்ள சின்ன சிப்பில் வேகம், டைமிங் (ரேம் பதில் தர எடுக்கும் தாமதம்), வோல்டேஜ் மூன்றையும் தயாரித்த நிறுவனமே எழுதி வைத்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் 3200 வேகம், சிஎல்16 என்ற டைமிங், 1.35 வோல்ட் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். டிடிஆர்5-க்கு 2022-இல் ஏஎம்டி கொண்டுவந்த எக்ஸ்போ செய்வதும் இதே வேலைதான்.

கையால் அமைத்தால் ஒவ்வொரு எண்ணையும் நாமே போட வேண்டும். வேகத்தை ஏற்றிவிட்டு வோல்டேஜை 1.2-இலேயே விட்டால் கணினி பூட் ஆகாமல் அடம்பிடிக்கலாம். அப்புறம் சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் எக்ஸ்எம்பியே போதும். நான்கு ஸ்டிக் மாட்டி 3200 நிலைக்காதபோது 2933-க்கு இறக்க மட்டும் கைவழி உதவும். எந்த வழியானாலும் சரி, ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலை ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு வேண்டாம்.